கஷ்டமானது எப்படி வென்றது? கிட், மெர்க்கூரியல், பஸார்: ஒரு சின்ன வரலாறு

போன வருஷம் எங்கட பட்ச்சில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வேலை தொடங்கினோம். ஊரில் வயசு போன ஆட்களுடன் கதைத்துப் பதிவுசெய்த நேர்காணல்களைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்குவது. 19 ஒலிப்பதிவுகள், ஒரே கோப்பில் ஆள் மாறி ஆள் திருத்தம். முதல் மாதத்திலேயே "இறுதி", "இறுதி 2", "இதுதான் இறுதி", "அக்கா பார்த்தது" என்று வட்ஸ்அப் குழு நிறைஞ்சு போச்சு. கணினி படிக்கிற நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "உதுக்குத்தானே கிட் இருக்கு, ஒரு மணித்தியாலத்தில பழகிடலாம்" என்றார். நம்பினோம்.

மூன்றாம் கிழமை, எங்களில் ஒருத்தி இரண்டு நாளாக இருந்து தட்டச்சுச் செய்த நேர்காணல் ஒன்று காணாமல் போனது. செய்த வேலையை ஒருக்கால் பழைய வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தவள், இணையத்தில் கிடைத்த ஒரு வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறாள். அந்த வரியில் இருந்த சொல் 'செக்அவுட்'. "நிச்சயமா?" என்றுகூட கிட் கேட்கவில்லை. கொமிட் செய்யாமல் கிடந்த இரண்டு நாள் உழைப்பின் மேல் பழைய கோப்பை எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "எனக்கு உது சரிவராது, நான் ஆர்ட்ஸ்தானே" என்றாள்.

அந்தக் கடைசி வசனம்தான் எனக்குக் குத்தியது. ஒரு கருவி பழகக் கஷ்டமாக இருந்தால் உடனே நாங்கள் எங்களைத்தான் குற்றம் சொல்கிறோம். வரலாறு படிக்கிற ஒருத்தன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கஷ்டம் எப்போது, யாரால், யாருக்காகச் செய்யப்பட்டது? தேடிப் போனதில் எனக்கே எதிர்பாராத ஒரு விஷயம் கிடைத்தது. கிட் பிறந்த அதே மாதத்தில் அதைவிடப் பழகச் சுலபமான ஒரு கருவியும் பிறந்திருக்கிறது. நல்ல கருவி. அதுதான் தோற்றது.

முதலில் அடிப்படையை ஒருக்கால் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். கோப்புகளில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கிற கருவிதான் வேர்ஷன் கொன்ட்ரோல். 1972இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ் தொடங்கி, சீவிஎஸ், சப்வேர்ஷன் என்று ஒரு நீண்ட பரம்பரை. சீவிஎஸ்ஸும் சப்வேர்ஷனும் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்குக் கொப்பி மாதிரி. கொப்பி ஒன்றுதான், அது ஒரு இடத்தில்தான் இருக்கும், எழுத வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும். பக்கங்களுக்கு 1, 2, 3 என்று ஒழுங்கான இலக்கம். 'பகிரப்பட்ட' வகை வந்தபோது, எல்லார் வீட்டிலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முழுக் கொப்பி. இப்போது சிக்கல் விளங்குகிறதா? நான் என் வீட்டில் 58ஆம் பக்கம் எழுதுகிறேன், நீங்களும் உங்கள் வீட்டில் 58ஆம் பக்கம் எழுதுகிறீர்கள். இலக்கம் இனி எல்லாருக்கும் பொதுவாக இருக்க முடியாது. பதிவது வேறு, அனுப்புவது வேறு என்றாகிவிடும். வரலாறு ஒரு நேர்கோடாக இல்லாமல் கிளைவிட்டு, மீண்டும் கூடி ஓடத் தொடங்கும். இந்த மேட்டை எந்தப் பகிரப்பட்ட கருவியைப் பழகுகிறவரும் ஏறித்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் எந்தெந்தக் கருவி எவ்வளவு கல்லும் முள்ளும் போட்டது என்பதில்தான் வித்தியாசம்.

ஆரம்பத்தில் முள்ளை அதிகம் போட்டது டொம் லோர்டின் குனு ஆர்ச், 2001. ஒரு கிளைக்குப் பெயர் வைப்பதென்றால் பிரிவு, கிளை, பதிப்பு மூன்றையும் இடையில் இரட்டைக் கோடு போட்டுச் சேர்த்து எழுத வேண்டும். கோப்புறைப் பெயரிலேயே வளைவு அடைப்புக்குறி இருக்கும். பழகியவர்கள் விரும்பினார்கள், ஆனால் பழகும் வரை நின்றவர்கள் குறைவு. இதற்கு நேர்மாறு 2003இல் டேவிட் ரவுண்டி என்ற இயற்பியலாளர் வெளியிட்ட டார்க்ஸ். அதில் பதியப் போனால், நீங்கள் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் காட்டி "இதைப் பதியவா?" என்று கேட்கும். ஓம் அல்லது இல்லை, அவ்வளவுதான். இந்தக் கூட்டத்திலேயே மனிசரோடு கதைக்கிற மாதிரி நடந்துகொண்டது அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். எங்கட ஆள் அன்றைக்கு டார்க்ஸில் இருந்திருந்தால் அழுதிருக்க மாட்டாள். ஆனால் அதற்கு ஒரு பெரிய நோய் இருந்தது. சில வகை முரண்பாடுகளை இணைக்கப் போனால் கணக்கு மடங்கு மடங்காகப் பெருகி, கணினி உறைந்துபோகும். டார்க்ஸ் எழுதப்பட்ட ஹஸ்கெல் மொழியின் முதன்மைத் தொகுப்பியான ஜிஎச்சியே 2011இல் டார்க்ஸை விட்டு கிட்டுக்குப் போய்விட்டது.

அதே 2003இல் மொனோடோன் வந்தது. எழுதியவர் கிரேடன் ஹோர், பின்னாளில் ரஸ்ட் மொழியை உருவாக்கிய அதே ஆள். பக்க இலக்கத்துக்குப் பதிலாக, உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டெடுக்கிற 40 எழுத்து அடையாளத்தை மொனோடோன் பயன்படுத்தியது. இந்த யோசனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்.

இனி எல்லாருக்கும் தெரிந்த கதை. லினக்ஸ் கேர்னல் 1991இல் தொடங்கி பத்து வருஷத்துக்கு மேல் எந்தக் கருவியும் இல்லாமல் மின்னஞ்சலில் வந்த திருத்தங்களால் வளர்ந்தது. 2002இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பிட்கீப்பருக்கு மாறினார். அது லரி மக்வோயின் நிறுவனத்துத் தனியுரிமை மென்பொருள். திறந்த மூலத் திட்டங்களுக்கு இலவசம், ஆனால் பாவிக்கிறவர் போட்டிக் கருவி எதிலும் வேலை செய்யக்கூடாது என்று நிபந்தனை. சம்பாவை எழுதிய அன்ட்ரூ ட்ரிஜெல், பிட்கீப்பர் சேவையகத்தோடு பேசக்கூடிய ஒரு சிறிய நிரலை எழுதினார். ஏதோ பெரிய ஊடுருவல் என்று நினைக்க வேண்டாம். சேவையகத்தோடு நேரே இணைந்து 'உதவி' என்று தட்டியிருக்கிறார், அது தன் கட்டளைகளைப் பட்டியலிட்டுக் கொடுத்திருக்கிறது! மக்வோய் இலவச உரிமத்தை நிறுத்தினார். 2005 ஏப்ரலில் கேர்னல்காரர் கையில் கருவி இல்லை.

லினஸ் அப்போதிருந்தவற்றைப் பார்த்தார். மொனோடோனின் யோசனை பிடித்தது, வேகம் பிடிக்கவில்லை. ஏப்ரல் 3இல் தானே எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7இல் கிட்டின் நிரல் கிட்டுக்குள்ளேயே பதியப்பட்டது. ஜூனில் கேர்னல் 2.6.12 அதைக்கொண்டு வெளிவந்தது.

அவசரத்தில் சமைத்த சாப்பாடு என்று இதை முடித்துவிடலாம்தான். ஆனால் என் பார்வையில் அவசரத்தைவிட முக்கியமானது, அதை யார் பாவிக்கப்போகிறார்கள் என்று அவர் நினைத்தார் என்பது. நாளுக்கு நூற்றுக்கணக்கான திருத்தங்களை மின்னஞ்சலில் வாங்கி இணைக்கிற ஆட்கள். அவர்களுக்கு வேகம் வேண்டும், பதிந்தது கெடாது என்ற உத்தரவாதம் வேண்டும். 'பழகச் சுலபம்' தேவைப் பட்டியலிலேயே இல்லை. சொல்லப்போனால் லினஸ் எழுதியது முழுக் கருவியே இல்லை, அடியில் ஓடுகிற குழாய் வேலை மட்டும். மேலே பீங்கான் தொட்டி வேறு யாராவது வைப்பார்கள் என்பது எண்ணம். (பகிடி இல்லை. கிட் ஆவணங்களில் இன்றைக்கும் அடித்தளக் கட்டளைகளுக்குப் 'பிளம்பிங்' என்றும் மேல்தளக் கட்டளைகளுக்குப் 'போர்சலின்' என்றும்தான் பெயர்.) பெட்ர் பவுடிஷ் என்பவர் கொஜிட்டோ என்ற பெயரில் அப்படி ஒரு தொட்டியை வைத்தார், 2007 வாக்கில் அது கைவிடப்பட்டது. 2005 ஜூலையில் பொறுப்பேற்ற ஜூனியோ ஹமானோவும் மற்றவர்களும் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற ஒரு இடம் இருக்கிறதே, 'ஸ்டேஜிங்', அதன் பிறப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். முதல் நாட்களில் அதன் பெயர் 'கோப்புறைக் கேஷ்'. வேகத்துக்காக வைத்த ஒரு உள் ஏற்பாடு. பிறகு 'இன்டெக்ஸ்' ஆனது. பிறகு யாரோ பாடம் சொல்லிக் கொடுக்க வசதியாக 'ஸ்டேஜிங்' ஆக்கினார்கள். மூன்று பெயரும் இன்றைக்கும் கட்டளைகளுக்குள் கிடக்கின்றன. ஒரே வித்தியாசத்தைப் பார்க்க 'கேஷ்ட்' என்றும் போடலாம், 'ஸ்டேஜ்ட்' என்றும் போடலாம். தொல்லியல் பாடத்தில் மண் அடுக்கு பார்த்துக் காலம் சொல்வோமே, அதே மாதிரி.

இப்போது மற்றப் பக்கம். பிட்கீப்பர் பிரச்சினை வந்த அதே வாரங்களில், அதே காரணத்துக்காக, கேர்னலில் வேலை செய்துகொண்டிருந்த ஒலிவியா மக்கோலும் ஒரு கருவி எழுதத் தொடங்கினார். 2005 ஏப்ரல் 19இல் மெர்க்கூரியல் அறிவிக்கப்பட்டது. பாதரசத்தின் வேதிக் குறியீடுதான் அதன் கட்டளைப் பெயர், இரண்டே எழுத்து. ஸ்டேஜிங் கிடையாது. கோப்பைத் திருத்து, கொமிட் பண்ணு, முடிஞ்சுது. 40 எழுத்து அடையாளம் உள்ளே இருந்தாலும், உங்கள் கணினிக்குள் 0, 1, 2 என்று உள்ளூர் இலக்கமும் தரும். மேலே நான் சொன்ன 58ஆம் பக்கப் பிரச்சினைக்கு இது ஒரு கெட்டித்தனமான சமரசம். உன் வீட்டில் 58 என்று கூப்பிடு, வெளியே கதைக்கும்போது மட்டும் நீளமான பெயரைச் சொல்லு.

சொற்களைப் பாருங்கள், அங்கேதான் உண்மையான வித்தியாசம். சப்வேர்ஷனில் 'ரிவேர்ட்' என்றால் நான் கோப்பில் செய்த மாற்றத்தை விட்டுவிடு என்று அர்த்தம். மெர்க்கூரியலிலும் பஸாரிலும் அதே சொல், ஏறத்தாழ அதே அர்த்தம். கிட்டில் 'ரிவேர்ட்' என்றால், ஏற்கெனவே செய்த ஒரு கொமிட்டை மறுதலிக்கும் இன்னொரு புதிய கொமிட்டைச் செய் என்று அர்த்தம். சப்வேர்ஷனில் 'செக்அவுட்' என்றால் சேவையகத்திலிருந்து ஒரு பிரதி எடு. கிட்டில் அதே சொல் கிளை மாறவும் செய்யும், கோப்பில் உள்ள மாற்றத்தை அழிக்கவும் செய்யும். ஒன்று பாதுகாப்பானது, மற்றது திரும்பி வராதது, இரண்டுக்கும் ஒரே சொல். எங்கட ஆள் மாட்டிய இடம் இதுதான்.

கடைசியாகச் செய்த கொமிட்டைத் திரும்ப எடுப்பதை இன்னொரு உதாரணமாகப் பார்க்கலாம். எல்லாருக்கும் நாளாந்தம் வருகிற தேவை. டார்க்ஸில் 'அன்ரெக்கோர்ட்'. பஸாரில் 'அன்கொமிட்'. மெர்க்கூரியலில் அந்தக் காலத்தில் 'ரோல்பேக்'. மூன்றையும் ஒரு தரம் கேட்டால் மறக்காது. கிட்டில் 'ரீசெட்' போட்டு, அதற்கு மென்மை, கலப்பு, கடுமை என்ற மூன்று முறையில் ஒன்றைத் தெரிந்து, பிறகு தலைக்கு ஒரு படி முன்னே என்பதற்கான குறியையும் போட வேண்டும். கடுமையைத் தெரிந்தால் பதியாத வேலையும் சேர்ந்து போகும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2009இல் கேட்கப்பட்ட "கிட்டில் கடைசிக் கொமிட்டை எப்படித் திரும்ப எடுப்பது" என்ற கேள்வி, அந்தத் தளத்திலேயே மிக அதிக வாக்குப் பெற்றவற்றில் ஒன்று. எவ்வளவு பேர் ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள்!

பஸாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உபுண்டுவை வெளியிடும் கெனோனிக்கல் நிறுவனத்தின் ஆதரவோடு மார்ட்டின் பூல் 2005இல் தொடங்கியது. மனிசருக்காகச் செய்த கருவி என்பதுதான் அவர்களின் பெருமை. விரும்பினால் சப்வேர்ஷன் மாதிரி நடுவில் ஒரு கொப்பியோடும் பாவிக்கலாம், பிறகு மெதுவாகப் பகிரப்பட்ட முறைக்கு வரலாம், அதாவது மேட்டைப் படிப்படியாக ஏறலாம். இங்கே எங்கட நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனோர், முகாம்கள், நிவாரணம் எல்லாவற்றையும் பதிய இலங்கையில் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா மென்பொருள், பின்னாளில் சில வருஷம் பஸாரில்தான் வளர்ந்தது. அனர்த்த நேரத்தில் ஓடி வந்து உதவுகிற ஆட்களுக்குப் பழகச் சுலபமான கருவி எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். சஹானாவும் பிறகு கிட்டுக்குத்தான் போனது. பஸாரின் பெரிய குறை வேகம். பெரிய திட்டங்களில் இழுத்துக்கொண்டு நின்றது. குனு திட்டத்தின் ஈமாக்ஸ் 2009 கடைசியில் பஸாருக்கு மாறி, ஐந்து வருஷம் பொறுத்து, 2014 நவம்பரில் கிட்டுக்கு மாறியது. அதற்குள் பஸாரைத் திருத்த ஆளில்லாமல் போயிருந்தது.

'கற்றல் வளைவு' என்ற சொல்லைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். 1885இல் எபிங்ஹவுஸ் நினைவாற்றலை அளந்து வளைகோடு வரைந்தார். 1936இல் டி.பி. ரைட் விமானத் தொழிற்சாலையில், உற்பத்தி கூடக் கூட ஒரு விமானத்துக்கான உழைப்பு குறைவதை வரைந்தார். நேரத்துக்கு எதிரே அறிவை வரைந்தால், செங்குத்தான வளைவு என்பது கெதியாகப் பழகுவதைத்தான் குறிக்க வேண்டும். ஆனால் எல்லாரும் மலை ஏறுவதை நினைத்துக்கொண்டு தலைகீழாகப் பாவிக்கிறோம். நானும் அப்படித்தான் பாவித்திருக்கிறேன்.

சரி. இந்த வித்தியாசங்கள் அப்போதே தெரியாமல் இருந்ததா? இல்லை, நல்லாத் தெரிந்திருந்தது. கூகிள் தன் கோட் தளத்துக்காக 2008இல் கிட்டையும் மெர்க்கூரியலையும் ஒப்பிட்டு ஒரு ஆவணம் தயாரித்தது. கிட் பழகுவது கடினம், கட்டளைகள் மிக அதிகம், மெர்க்கூரியலின் ஆவணங்கள் புதியவருக்கு விளங்கும்படி இருக்கின்றன, அதன் சொற்கள் சப்வேர்ஷனோடு ஒத்துப்போகின்றன என்று அதிலேயே இருக்கிறது. 2009இல் மெர்க்கூரியலைத்தான் எடுத்தார்கள், முக்கிய காரணம் அது தங்கள் சேவையகங்களில் நன்றாக ஓடியது என்றாலும். பைத்தன் இன்னும் ஒழுங்காகச் செய்தது. பிரெட் கனன் ஒரே வேலைகளைக் கிட், மெர்க்கூரியல், பஸார் மூன்றிலும் எப்படிச் செய்வது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தார். (ஒப்பியல் ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் பார்க்க வேண்டிய ஆவணம், கணினி தெரியாட்டியும் பரவாயில்லை.) பைத்தன் நிரலாளர்களிடம் கிட்டுக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. 2009 மார்ச்சில் மெர்க்கூரியல் தெரிவானது, 2011இல் மாற்றம் முடிந்தது. மொசில்லாவும் ஓபன்ஜேடிகேயும் மெர்க்கூரியலில் இருந்தன.

பிறகு என்ன நடந்தது? 2008 ஏப்ரலில் கிட்ஹப் திறந்தது, அதே மாதம் ரூபி ஒன் ரெயில்ஸ் அங்கே குடியேறியது. அதற்கு முன் ஒருவரின் நிரலில் பிழை கண்டால், திருத்தத்தை எங்கே, எப்படி, யாருக்கு அனுப்புவது என்பதே ஒரு பெரிய வேலை. கிட்ஹப்பில் ஒரு பொத்தானை அழுத்தி உங்களுக்கென ஒரு பிரதி எடுத்து, திருத்தி, "இதைச் சேர்ப்பீர்களா?" என்று கேட்கலாம். கருவி கஷ்டம், ஆனால் ஆட்களிடம் போய்ச் சேருவது சுலபமாகிவிட்டது. மெர்க்கூரியலுக்கும் 2008இல் பிட்பக்கெட் இருந்தது, ஆனால் கூட்டம் மற்றப் பக்கம் கூடியது. கூடிய கூட்டம் கேள்வி கேட்டது, பதில் எழுதியது, பாடம் எடுத்தது. கிட்டின் வளைவு அப்படியேதான் இருந்தது, ஏறுகிற வழியில் கை கொடுக்கிற ஆட்கள்தான் கூடினார்கள்.

இதன் உச்சம் பைத்தன்தான். 2017 பெப்ரவரியில் அது கிட்ஹப்புக்கு மாறியது. காரணங்களில் முக்கியமான ஒன்று, புதிதாகப் பங்களிக்க வருகிறவர்களுக்கு கிட்டும் கிட்ஹப்பும் ஏற்கெனவே தெரியும் என்பது. எட்டு வருஷத்துக்கு முன் 'பழகச் சுலபம்' என்று எடுத்த கருவி, இப்போது புதியவருக்குத் தடையாக மாறிவிட்டது. கருவியின் வடிவமைப்பு கெட்டுப்போகவில்லை. சுற்றியிருந்த உலகம் வேறொன்றைப் பழகிவிட்டது. 2020 செப்டெம்பரில் ஓபன்ஜேடிகேயும் கிட்டுக்குப் போனது. 2022 ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கணக்கெடுப்பில் கிட் 94 சதவீதமளவில், மெர்க்கூரியல் 1 சதவீதமளவில். 2025இல் பயர்பொக்ஸும் போய்ச் சேர்ந்தது.

2020 ஜூலையில் பிட்பக்கெட் தன்னிடமிருந்த மெர்க்கூரியல் களஞ்சியங்களை மூடத் தொடங்கியபோது, சொஃப்ட்வெயார் ஹெரிட்டேஜ் என்ற ஆவணகத்தார் ஓடிப்போய்ப் பிரதி எடுத்து வைத்தார்கள். இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. மெர்க்கூரியல்காரரின் பெரிய பிடிவாதமே, பதிந்த வரலாற்றை மாற்றக்கூடாது என்பதுதான். கிட்டில் 'ரீபேஸ்' என்று ஒன்று இருக்கிறது. செய்த கொமிட்டுகளைத் திரும்ப அடுக்கி, தடுமாறியதை மறைத்து, முதலிலிருந்தே ஒழுங்காகச் செய்த மாதிரிக் காட்டலாம். மெர்க்கூரியலில் இதெல்லாம் தொடக்கத்தில் மூடியே இருக்கும், வேண்டுமென்றால் நீங்களாகத் திறக்க வேண்டும். வரலாற்றை மாற்றாதே என்று சொன்ன கருவியின் வரலாறே ஒரு நிறுவனத்தின் அறிவித்தலோடு அழியப் பார்த்தது.

கிட்டின் பக்கமும் சொல்ல வேண்டும். 2013இல் எம்ஐடியைச் சேர்ந்த சந்தியாகோ பெரெஸ் டி ரொஸ்ஸோவும் டேனியல் ஜாக்சனும் கிட்டின் கஷ்டத்தைக் கட்டளைப் பெயர்ப் பிரச்சினையாகப் பார்க்காமல், அடிப்படைக் கருத்துகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிற பிரச்சினையாகப் பார்த்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கிட்லெஸ் என்று ஸ்டேஜிங் இல்லாத மாற்று ஒன்றையும் செய்து காட்டினார்கள். 2019 ஓகஸ்டில் வந்த கிட் 2.23இல், 'செக்அவுட்' செய்த இரண்டு வேலையும் கடைசியில் பிரிக்கப்பட்டன. கிளை மாற 'ஸ்விட்ச்', கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர 'ரிஸ்டோர்'. 14 வருஷம் எடுத்திருக்கிறது. பழைய சொல்லும் எடுபடவில்லை, இணையத்தில் உள்ள பழைய பதில்களும் அழியவில்லை. எங்கட ஆள் எடுத்து ஒட்டியது அப்படியொரு பழைய பதிலைத்தான். இப்போது மார்ட்டின் வொன் ஸ்வைக்பெர்க் தொடங்கிய ஜுஜுட்சு என்ற கருவி கவனம் பெறுகிறது. அடியில் கிட்டின் சேமிப்பு, மேலே ஸ்டேஜிங் இல்லாத, மெர்க்கூரியல் சாயலான முகம். லினஸ் எதிர்பார்த்த பீங்கான் தொட்டி 2005க்குப் பிறகு இப்போதுதான் வருகிறதோ தெரியாது.

நாங்கள் கிட்டை விடவில்லை. உதவி கேட்க ஆள் இருக்கிறது கிட்டுக்குத்தான், அதைத் தாண்டி யோசிக்க எங்களுக்கு வசதியில்லை. அவள் போன நேர்காணலைத் திரும்ப முதலிலிருந்து கேட்டு எழுதினாள். ஏழு கட்டளைகளைத் தமிழில் விளக்கி ஒரு A4 தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், 'செக்அவுட்'டைச் சிவப்புப் பேனையால் வெட்டி. இப்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு கொமிட். நேற்றுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். கடைசிக் குறிப்பு: "தேத்தண்ணி குடிக்கப் போறன், ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்."